குடும்பத்தோட பிரான்ஸ் போறதா, அவர் மட்டும் போறதா, எல்லாரும் பாண்டியிலயே இருக்கறதா? காஃப் (பிரான்ஸ் கவர்மென்ட்டோட குடும்ப உதவிப் பணம்), பூர்ஸ் (படிப்பு உதவித்தொகை), பென்ஷன் வெச்சு ஒரு கணக்கு

எங்க முத்தியால்பேட்டை தெருவுல மட்டும் இந்த வருஷம் மூணு வீட்டுல இதே பேச்சுதான். போன மாசம் எதிர் வீட்டுப் பொண்ணு ஒரு ஃபைலைத் தூக்கிக்கிட்டு வந்தா. அவ புருஷனோட தாத்தா சொல்தா (பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர்), அந்த வழியில அவருக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி, இப்போ பாரிஸ் பக்கத்துல கார்ஜ்ல ஒரு குடோன்ல வேலை, ரெண்டு பசங்க, பெரியவனுக்கு 9, சின்னவளுக்கு 6. "அக்கா, பசங்களுக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட் வந்துடுச்சு, இனிமே இங்க இருந்தாலே மாசாமாசம் காஃப் பணம் வரும்னு ஒரு ஏஜென்ட் சொல்றாரு, ஃபார்ம் ஃபில் பண்ண காசும் கேக்கறாரு, குடுக்கலாமா"ன்னா. குடுக்காதம்மான்னு சொல்லி உக்கார வெச்சேன். அந்த ஏஜென்ட் சொன்னது முழுக்கத் தப்பு.

நான் ஒன்பது வருஷம் அங்க குடும்பத்தோட இருந்து, அப்புறம் பசங்களைக் கூட்டிக்கிட்டு இங்க வந்தவ. ரெண்டு பக்கமும் ஃபார்ம் ஃபில் பண்ணியிருக்கேன். அவளுக்கு சொன்னதையே இங்க விரிவா எழுதறேன், நம்ம பாண்டி, காரைக்கால்ல இதே குழப்பத்துல நிறைய பேர் இருக்காங்க, பக்கத்துல கடலூர்ல இருந்து வொர்க் விசால போனவங்க வீட்டுலயும் கேக்கறாங்க.

முதல்ல ஒரே ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கங்க. பிரான்ஸ் கவர்மென்ட்டோட குடும்பப் பணம் பாஸ்போர்ட்டைப் பாத்து வர்றதில்ல, நீங்களும் பசங்களும் எந்த ஊர்ல குடியிருக்கீங்கன்னு பாத்துதான் வருது. 1956 மே 28ல கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16ல அமலுக்கு வந்த ஒப்பந்தம் நம்ம பெரியவங்களுக்கு நேஷனாலிட்டியை எழுதிக் குடுத்துத் தேர்ந்தெடுக்க ஆறு மாசம் டைம் குடுத்துச்சு. அன்னிக்கு அவங்க எழுதிக் குடுத்ததாலதான் இன்னிக்கு பேரப்பிள்ளைங்க கையில அந்த பாஸ்போர்ட். பாஸ்போர்ட் உங்களை அந்த ஊருக்குள்ள விடும், ஓட்டு போட விடும். காஃப் பணம் வேற கதை.

## எதை வெச்சு முடிவு பண்றது

நான் பாக்கறது அஞ்சு விஷயம். பசங்க வருஷத்துல எத்தனை மாசம் எங்க இருப்பாங்க, இதுதான் எல்லாத்துக்கும் தலை. அடுத்து எத்தனை பசங்க, என்ன வயசு, ஏன்னா பிரான்ஸ்ல அலோகசியோன் (பிள்ளைங்களுக்கு வர்ற மாசப் பணம்) ரெண்டாவது குழந்தையில இருந்துதான் ஆரம்பம், ஒரே பிள்ளைன்னா அது கிடையாது (ரெயூனியன் தீவு மாதிரி கடல்கடந்த பகுதிகள்ல மட்டும் முதல் குழந்தைக்கே உண்டு). மூணாவது, வீட்டுல யார் யாருக்கு என்ன பேப்பர் இருக்கு, பிரெஞ்சா, இந்தியனா, கார்த் த செஜூரா (அங்க தங்கறதுக்கான கார்டு). நாலாவது, வேலை பாக்கறவரோட பென்ஷன் கணக்கும் வீட்டுல இருக்கற அம்மாவோட பென்ஷன் கணக்கும், இந்த ரெண்டாவதை யாரும் யோசிக்கறதே இல்ல. அஞ்சாவது, பாண்டியில இருக்கற அப்பா அம்மா. அவங்களை யார் பாத்துக்குவாங்கன்னு தீர்மானிக்காம எடுத்த முடிவு எதுவும் ரெண்டு வருஷம் தாண்டி நின்னு நான் பாத்ததில்ல.

## முதல் வழி: எல்லாரும் பிரான்ஸ்

காஃப் பணம் முழுசா வர்றது இந்த வழியில மட்டும்தான். 2025 ஜனவரி 1ல இருந்து, வாங்கறவங்க வருஷத்துல ஒன்பது மாசத்துக்கு மேல பிரான்ஸ்ல இருக்கணும்னு சட்டம் இறுகிடுச்சு. பசங்களும் அங்கதான் நிரந்தரமா இருக்கணும், வெளிநாட்டுல மூணு மாசம் வரைக்கும் பரவாயில்ல. ஜூலை ஆகஸ்ட் பெரிய லீவுக்கு வந்து ஆடித் திருவிழா பாத்துட்டு செப்டம்பர் ஸ்கூல் திறக்கறதுக்குள்ள போறவங்களுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல.

எவ்வளவு வரும்? 2025 ஏப்ரல் கணக்குப்படி, வருமானம் குறைஞ்ச படியில இருக்கற குடும்பத்துக்கு ரெண்டு பிள்ளைக்கு மாசம் சுமார் 151 யூரோ, மூணு பிள்ளைக்கு சுமார் 344 யூரோ. வருமானம் ஏறினா இது பாதியாகும், அப்புறம் கால் பங்காகும். இது ஒரு பிள்ளைக்கு இவ்வளவுன்னு இல்ல, மொத்தமா. ஆகஸ்ட்ல ஸ்கூல் திறக்கற பணம் தனி, வருமான வரம்புக்குள்ள இருந்தா 2025ல 6 முதல் 10 வயசுப் பிள்ளைக்கு 423 யூரோ, 11 முதல் 14க்கு 446, 15 முதல் 18க்கு 462. வீட்டு வாடகை உதவி, குறைஞ்ச சம்பளத்துல வேலை பாக்கறவங்களுக்கு வர்ற பிரிம் தக்திவித்தே, கைக்குழந்தை இருந்தா அதுக்கான பணம், இதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும்.

இப்போ எதிர் வீட்டுப் பொண்ணோட கணக்கைப் போட்டுப் பாத்தோம். ரெண்டு பிள்ளை, அலோகசியோன் வருஷத்துக்கு 1,800 யூரோ சொச்சம், ரெண்டு பேரும் பிரைமரி ஸ்கூல் வயசுங்கறதால ஸ்கூல் பணம் 846. மொத்தம் 2,650 யூரோ கிட்ட. நாங்க இருந்த ரெண்டு ரூம் வீட்டுக்கே மாசம் 900 குடுத்தோம், அதாவது இந்த வருஷப் பணம் மூணு மாச வாடகைக்குக்கூட முழுசா வராது. இதை நான் பயமுறுத்த சொல்லல, காஃப் பணத்துக்காக மட்டும் யாரும் பெட்டி கட்டக் கூடாதுன்னு சொல்றேன். வேலை, படிப்பு, குடும்பம் ஒண்ணா இருக்கறது, இதுக்காகப் போங்க, காஃப் அதுக்குத் தோள் குடுக்கும்.

தெரியாம மாட்டிக்கற செலவு, தாமதம் எல்லாம் இந்த வழியிலதான் அதிகம். காஃப் பணம் நீங்க போய் இறங்கின மாசமே வராது, தகுதி வந்ததுக்கு அடுத்த மாசத்துல இருந்துதான் ஆரம்பம். வருமானம்னு பாக்கறது ரெண்டு வருஷம் முன்னாடி உள்ள வருமானம், நீங்க பாண்டியில சம்பாதிச்சதா இருந்தாலும் சொல்லணும். பசங்க பிறப்பை கொன்சுலால (பிரெஞ்சு கான்சுலேட்ல) பதியலன்னா முதல்ல அதை முடிக்கணும், கல்யாணத்தையும் அப்படித்தான், பிரெஞ்சுக்காரரா இருக்கறவர் வெளிநாட்டுல கட்டறதுக்கு முன்னாடியே கொன்சுலால திருமணத் தகுதி சான்று வாங்கணும். கல்யாணம் முடிஞ்சு பல வருஷம் கழிச்சு இதுக்கு அலையறவங்களை கொன்சுலா இருக்கற மரைன் வீதியில பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இங்க நல்ல வேலையில இருக்கற பொண்ணுங்க அதை விட்டுட்டுப் போனா அங்க முதல் ரெண்டு வருஷம் மொழி படிக்கறதுலயே போகும், அந்த சம்பளத்தையும் செலவுல எழுதுங்க.

கண்ணுக்குத் தெரியாத லாபமும் உண்டு. பசங்களை வளக்கறதுக்காக வீட்டுல இருக்கற அம்மாவுக்கு, சில காஃப் உதவிகள் வாங்கிக்கிட்டு வருமானமும் வரம்புக்குள்ள இருந்தா, காஃபே அவங்க பேர்ல பென்ஷன் கணக்குக்கு பணம் கட்டும். நான் அங்க வேலைக்குப் போகாத நாலு வருஷத்துக்கு எனக்கு அப்படித்தான் பென்ஷன் காலாண்டுகள் ஏறியிருக்கு, அதைப் பாத்த அன்னிக்கு எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, வீட்டு வேலைக்கு யாராவது கணக்கு வெச்சாங்களேன்னு.

வேலை பாக்கற பொண்ணுங்களுக்கு பிரசவ லீவு முதல் ரெண்டு குழந்தைக்கு 16 வாரம், மூணாவதுக்கு 26 வாரம். அப்பாவுக்கு 2021 ஜூலையில இருந்து 25 நாள், அதுக்கு மேல பிறந்த சமயத்துக்கு 3 நாள்.

வேலை போனா, கடைசி 24 மாசத்துல ஆறு மாசம் அங்க வேலை பாத்திருந்தா வேலையில்லா படி உண்டு. ஆனா அதை வாங்கிக்கிட்டு வருஷத்துக்கு 35 நாளுக்கு மேல ஊரை விட்டு வெளிய இருக்கக் கூடாது. வேலை போன வருத்தத்துல மூணு மாசம் பாண்டிக்கு வந்து இருந்துட்டுப் போவோம்னு வர்றவங்க இதுல அடி வாங்கறாங்க. மெடிக்கல் லீவுல இருக்கச்சொல்ல இங்க வர்றதும் அப்படித்தான், அனுமதி இல்லாம வந்தா தினப்படி நின்னுடும்.

## ரெண்டாவது வழி: அவர் அங்க, நாம இங்க

நம்ம ஊர்ல அதிகம் நடக்கறது இதுதான், பழக்கமானதும் இதுதான், தாத்தா காலத்துல சொல்தாவா போனவங்களும் இப்படித்தான் போனாங்க.

நேராவே சொல்லிடறேன், பசங்க பாண்டியில குடியிருந்தா அலோகசியோன் கிடையாது, ஸ்கூல் பணமும் கிடையாது. அவர் வரி கட்டறாரே, சம்பளத்துல அவ்வளவு பிடிக்கறாங்களேன்னு நியாயம் பேசுவோம், ஆனா விதி அதுதான். இந்தியாவுக்கும் பிரான்ஸுக்கும் 2008ல கையெழுத்தாகி 2011 ஜூலை 1ல அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒண்ணு இருக்கு, அதுல குடும்பப் பணம் வரும்னு சிலர் சொல்றாங்க. வராது. அது பென்ஷன், ஊனம், வாரிசு பென்ஷன் பத்தினது. அவர் பிரிம் தக்திவித்தே போட்டாலும் இங்க இருக்கற பசங்களை கணக்குல சேர்க்க மாட்டாங்க, வாடகை உதவியும் பசங்க அங்க இல்லாத வீடாத்தான் பாக்கும்.

அப்போ இந்த வழியில என்ன இருக்கு? அவரோட பென்ஷன் முழுசா ஏறுது, வயசான பிறகு பாண்டிக்கு வந்து உக்காந்தாலும் அந்த ரெத்ரேத் பாண்டி அக்கவுன்ட்டுக்கே வரும், வருஷா வருஷம் உயிரோட இருக்கற சான்று குடுத்தா போதும். இந்த வழியில இருக்கற அக்கா தங்கச்சிங்க கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டியது இன்னொண்ணு. அவர் காலமான பிறகு மனைவிக்கு வர்ற வாரிசு பென்ஷன், பிரான்ஸ்ல பொதுத் திட்டத்துல அவர் பென்ஷன்ல 54 சதவீதம், உங்களுக்கு 55 வயசு ஆகியிருக்கணும், உங்க வருமானம் வரம்புக்குள்ள இருக்கணும். அதுக்கு நீங்க பிரான்ஸ்ல இருக்கணும்னு இல்ல, ஒரு நாள்கூட அங்க போகாதவங்களும் கேக்கலாம். கல்யாணத்துக்கு ஒழுங்கான பேப்பர் வேணும், அவ்வளவுதான். குயவர்பாளையத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியம்மா, புருஷன் இறந்து ஆறு வருஷம் இது தெரியாமலே இட்லிக் கடை போட்டு வாழ்ந்துச்சு, ஏன்னா விண்ணப்பம் போடாம இது தானா வராது. தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க.

லிசே (பாண்டியில இருக்கற பிரெஞ்சு ஸ்கூல்) பூர்ஸ் இந்த வழியிலயும் கிடைக்க வாய்ப்பு இருக்கு. 1826ல ஆரம்பிச்ச நம்ம லிசே ஃபிரான்சேல படிக்கற பிரெஞ்சுப் பசங்களுக்கு, கொன்சுலால பேர் பதிஞ்சு, அப்பாவோ அம்மாவோ ஒருத்தராவது கூட இங்க இருந்தா விண்ணப்பிக்கலாம், அம்மா இந்தியன் பாஸ்போர்ட்டா இருந்தாலும் பரவாயில்ல. ஆனா அவர் பிரான்ஸ்ல வாங்கற சம்பளம் முழுசும் கணக்குல வரும், வீடு, மனை, சேமிப்பு எல்லாம் பாப்பாங்க. பாண்டியில ரெண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கறவங்களுக்கு பூர்ஸ் கிடைக்காம போச்சுன்னா ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல. அதோட, காஃப்ல இருந்து இனிமே உங்களுக்கு எதுவும் குடுக்கறதில்லன்னு ஒரு நீக்கச் சான்று கேப்பாங்க. ரெண்டு பக்கமும் சேர்த்து வாங்கலாம்னு நினைக்கறவங்களோட கணக்கு அந்த ஒரு பேப்பர்லயே முடிஞ்சிடும்.

மறைஞ்சிருக்கற செலவு, உங்க கார்த் த செஜூர். நீங்க முன்னாடி அங்க இருந்து பத்து வருஷ கார்டு வாங்கியிருந்தா, தொடர்ந்து மூணு வருஷத்துக்கு மேல வெளிய இருந்தா அது செல்லாம போகும். நான் இந்தியன் பாஸ்போர்ட்டோட இருக்கறவ, அதனால இதை ஒவ்வொரு வருஷமும் கேலண்டர்ல குறிச்சு வெச்சிருக்கேன். ரெண்டு குடித்தனம் நடத்தற செலவு இன்னொண்ணு, அங்க அவர் ஒரு ரூமுக்குக் குடுக்கறதும் இங்க நாம நடத்தறதும் சேர்த்தா, ஒண்ணா இருக்கறதுக்கும் இதுக்கும் நினைச்ச அளவு வித்தியாசம் இல்ல. பசங்க அப்பாவை வருஷத்துக்கு ஒரு மாசம் பாக்கறதை எந்தக் காலம்ல எழுதறதுன்னு எனக்குத் தெரியல, ஆனா எழுதாம விடாதீங்க.

## மூணாவது வழி: எல்லாரும் பாண்டியில

இதுல காஃப் சுத்தமா இல்ல. ஆனா ஒண்ணுமே இல்லன்னு நினைச்சிடாதீங்க. அப்பா அம்மா ரெண்டு பேர் வருமானமும் இந்திய ரூபாயில இருந்தா பூர்ஸ் நல்லா வர வாய்ப்பு, நம்ம தெருவுல இதனாலயே லிசேல படிக்கற பிள்ளைங்க இருக்காங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை விண்ணப்பம் எடுக்கறாங்க, தேதியைத் தவற விட்டா அந்த வருஷ ஃபீஸ் உங்க தலையில, அது லேசான தொகை இல்ல.

65 வயசு தாண்டின, வருமானம் குறைஞ்ச பிரெஞ்சுப் பெரியவங்களுக்கும், ஊனமுள்ளவங்களுக்கும் கொன்சுலா வழியா மாசப்படி உண்டு. ஊனத்துக்கு பெரியவங்கன்னா 80 சதவீதமாவது இருக்கணும், குழந்தைங்கன்னா 50. இங்கயே வாழற ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துல மாற்றுத்திறனாளிக் குழந்தை இருந்தா முதல் வேலையா இதைக் கேளுங்க. ஆஸ்பத்திரி செலவுக்கு காசு கட்டி சேர்ற பிரெஞ்சு இன்சூரன்ஸ், நம்ம ஊர்ல செ-எஃப்-ஓன்னு சொல்றது, குறைஞ்ச வருமானம்னா சந்தாவுல சலுகை கொன்சுலா வழியா கேக்கலாம்.

இந்தியப் பக்கம் என்னன்னா, இரட்டைக் குடியுரிமை இங்க இல்ல. பிரெஞ்சுக்காரரா இருக்கறவருக்கு ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தா விசா தொல்லை இல்லாம இருக்கலாம், வேலை பாக்கலாம், வீடு வாங்கலாம், ஆனா விவசாய நிலம் வாங்க முடியாது, ஓட்டு கிடையாது, கவர்மென்ட் வேலை கிடையாது. புதுச்சேரி அரசு 2023ல சிவப்பு ரேஷன் கார்டு குடும்பத் தலைவிகளுக்கு மாசம் ஆயிரம் ரூபாய்னு ஆரம்பிச்ச உதவி மாதிரி திட்டங்கள் இந்தியக் குடும்பங்களுக்கானது, பிரெஞ்சு பாஸ்போர்ட்டை வெச்சுக்கிட்டு அதையும் வாங்கறது பின்னாடி சிக்கல்.

கம்பெனி வேலைன்னா நிலைமை பரவாயில்ல. இஎஸ்ஐ சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும் உள்ளவங்களுக்கு, உங்க பங்கு 0.75 சதவீதம்தான். பிரசவ லீவு முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம், அதுக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பாத்திருக்கணும். முதல் ரெண்டு பிரசவத்துக்கு பிரான்ஸை விட இங்க பத்து வாரம் கூட, இதைச் சொன்னா நிறைய பேர் நம்ப மாட்டேங்கறாங்க. ஆனா அப்பாவுக்கு தனியார் கம்பெனியில சட்டப்படி ஒரு நாள்கூட இல்ல.

பிஎஃப்ல ஒரு நுணுக்கம். வெளிநாட்டு பாஸ்போர்ட் வெச்சிருக்கறவர் இங்க பிஎஃப் உள்ள கம்பெனியில சேர்ந்தா, மத்தவங்களுக்கு உள்ள 15,000 ரூபாய் உச்சவரம்பு அவருக்கு இல்லாம முழுச் சம்பளத்துலயும் 12 சதவீதம் பிடிப்பாங்க, இதை எதிர்த்து ஹைகோர்ட் வரைக்கும் கேஸ் போயிருக்கு. கையில வர்றது குறையும், சேமிப்பு கூடும். மேல சொன்ன 2011 ஒப்பந்தம் இங்கதான் கை குடுக்குது, பிரான்ஸ்ல சில வருஷம், இங்க சில வருஷம் வேலை பாத்தவர் ரெண்டையும் சேர்த்துக் காட்டி பென்ஷன் தகுதி கேக்கலாம். பிரெஞ்சு கம்பெனியே இங்க அனுப்பி வெச்சா 60 மாசம் வரைக்கும் அங்கயே பென்ஷன் பணம் கட்டிக்கிட்டு இங்க பிஎஃப் இல்லாம இருக்கலாம்.

## பாதி அங்க பாதி இங்க

இது வழியே இல்ல, ஆனா நிறைய பேர் இதுல நிக்கறாங்க, அதனால எழுதறேன்.

2022ல என் நாத்தனார், மாமியாருக்கு உடம்பு முடியலன்னு ஜூன்ல பசங்களோட வந்தா. மாமியார் நிலைமை இழுத்துக்கிட்டே போச்சு, பசங்க சும்மா இருக்கக் கூடாதேன்னு இங்க ஒரு ஸ்கூல்ல சேர்த்தா, நவம்பர் வரைக்கும் இருந்தா. காஃபுக்கு ஒரு வரி எழுதல, மனசு அதுல இல்ல, யார் குத்தம் சொல்ல முடியும். அடுத்த வருஷம் சரிபார்ப்புல பாஸ்போர்ட் பக்கங்களைக் கேட்டாங்க, முத்திரை எல்லாம் பாத்தாங்க, அந்த மாசங்களோட பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னாங்க, ஸ்கூல் பணத்தையும் சேர்த்து. மாமியாரைக் கரைச்ச கையோட அந்தக் கடனையும் பத்து தவணையா கட்டினா. முன்னாடியே நிலைமை மாறிடுச்சுன்னு தெரிவிச்சிருந்தா பணம் நின்னிருக்கும், கடன் வந்திருக்காது. சாதாரணத் தப்புன்னா ரெண்டு வருஷம் பின்னாடி போய் கேக்கலாம், பொய் சொன்னதா முடிவானா அதுக்கும் மேல போவாங்க, அபராதமும் உண்டு.

பெரியவங்களுக்கு இது இன்னும் வலிக்கும். பிரான்ஸ்ல 65 வயசுக்கு மேல வருமானம் இல்லாதவங்களுக்கு வர்ற முதியோர் உதவிக்கு (2025ல தனி ஆளுக்கு மாசம் 1,034 யூரோ வரைக்கும்) 2023 செப்டம்பர்ல இருந்து ஒன்பது மாசத்துக்கு மேல அங்க இருக்கணும். குளிர் தாங்கலன்னு அக்டோபர்ல வந்து ஏப்ரல்ல போற தாத்தா பாட்டிங்க எத்தனை பேர் நம்ம ஊர்ல. வேலை பாத்து சம்பாதிச்ச ரெத்ரேத் எங்க இருந்தாலும் வரும், இந்த உதவிப் பணம் வராது. ரெண்டுக்கும் பேர் வேற, பேங்க்ல விழறது ஒண்ணா விழறதால ஒண்ணுன்னு நினைச்சுடறாங்க. வைத்தியத்துக்கும் அப்படித்தான், பாண்டியில குடியிருந்துக்கிட்டு பிரான்ஸ் போறச்சொல்ல அங்க செக்யூல (அரசு மருத்துவ இன்சூரன்ஸ்ல) காட்டணும்னா பென்ஷன்காரர் அங்க 15 வருஷமாவது கட்டியிருக்கணும்.

## ஒரே பார்வையில

| எதைப் பாக்கறோம் | எல்லாரும் பிரான்ஸ் | அவர் மட்டும் | எல்லாரும் பாண்டி |
|---|---|---|---|
| அலோகசியோன், ஸ்கூல் பணம் | உண்டு, ரெண்டு பிள்ளையில இருந்து. ஸ்கூல் பணத்துக்கு ஒண்ணு போதும், வருமான வரம்பு உண்டு | இல்ல | இல்ல |
| லிசே பூர்ஸ் | தேவையில்ல, அங்க கவர்மென்ட் ஸ்கூல் இலவசம் | கேக்கலாம், அவர் சம்பளம் இடிக்கும் | வாய்ப்பு அதிகம் |
| அவர் பென்ஷன் | ஏறும் | ஏறும் | பிஎஃப் வழியா, ஒப்பந்தம் உதவும் |
| அம்மா பேர்ல பென்ஷன் | காஃப் கட்டலாம் | இல்ல, வாரிசு பென்ஷன் மட்டும் | வேலைக்குப் போனா பிஎஃப் |
| பிரசவ லீவு, முதல் ரெண்டு | 16 வாரம் | அம்மா வேலை பாக்கற இடத்தைப் பொறுத்து | 26 வாரம் |
| பெரிய மறைமுகச் செலவு | வாடகை, விட்டுட்டுப் போற வேலை | ரெண்டு குடித்தனம், கார்டு | பிஎஃப் பிடித்தம், பூர்ஸ் தேதி |

## பிரெஞ்சு பாஸ்போர்ட் இல்லாதவங்க

கடலூர், நெய்வேலி பக்கத்துல இருந்து வேலைக்குப் போன தம்பிங்களுக்கு இது தனியா. நீங்க சாதாரண வொர்க் கார்டுல இருந்தா குடும்பத்தைக் கூப்பிட முறையான குடும்ப இணைப்பு விண்ணப்பம் போடணும், அதுக்கு 18 மாசம் சட்டப்படி அங்க இருந்திருக்கணும், கடைசி 12 மாசச் சம்பளம் சராசரியா அங்க உள்ள குறைஞ்சபட்சக் கூலி அளவாவது இருக்கணும், வீடு இத்தனை சதுர மீட்டர்னு பாப்பாங்க. அவசரப்பட்டு டூரிஸ்ட் விசால பசங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் ஸ்கூல்ல சேர்த்துட்டா, ஸ்கூல் சேர்த்துக்கும், ஆனா காஃப் குடுக்காது, குடும்ப இணைப்பு வழியா வந்ததுக்கு உண்டான பேப்பரைத்தான் கேக்கும். பாஸ்போர்ட் தலான் (உயர் தகுதி வேலைக்குக் குடுக்கற) கார்டுல போன ஐடி பசங்களுக்கு குடும்பம் கூடவே வரலாம். ஆர்எஸ்ஏ (வருமானம் இல்லாதவங்களுக்கு வர்ற குறைஞ்சபட்ச உதவி) மாதிரி உதவிக்கு வெளிநாட்டவர் அஞ்சு வருஷம் வேலை செய்யற உரிமையோட அங்க இருந்திருக்கணும், அதை நம்பி கணக்குப் போடாதீங்க.

## யாருக்கு எது

மூணு பிள்ளை, எல்லாரும் பத்து வயசுக்குள்ள, அம்மா வேலைக்குப் போகல, இங்க பாத்துக்க வேண்டிய பெரியவங்க இல்லன்னா, முதல் வழி. இதுல எனக்கு தயக்கமே இல்ல. பணமும் நல்லா வரும், சின்ன வயசுல மொழி சீக்கிரம் ஒட்டும், அம்மா பேர்லயும் பென்ஷன் ஏறும்.

பெரிய பிள்ளை பத்தாவது பன்னெண்டாவதுல தமிழ் மீடியத்துலயோ இங்க்லீஷ் மீடியத்துலயோ இருந்தா ரெண்டு வருஷம் பொறுங்க, ரெண்டாவது வழியிலயே இருங்க. 15 வயசுல மொழி தெரியாம அங்க ஸ்கூல்ல உக்கார வெச்ச பிள்ளைங்க படற பாட்டை நான் கார்ஜ்ல பாத்திருக்கேன், அதுக்கு எந்த அலோகசியோனும் ஈடு இல்ல.

ஒரே பிள்ளை, அம்மாவுக்கு இங்க நிலையான வேலை, அவருக்கும் இங்க வேலை கிடைக்குது, லிசே பூர்ஸ் வரும்னா மூணாவது வழி. காஃப்ல ஒரு பிள்ளைக்கு வர்றது குறைவு, அதை விட்டா பெருசா இழப்பு இல்ல. மாற்றுத்திறனாளிக் குழந்தை இருந்தா மட்டும் முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் என்ன சிகிச்சை, என்ன படின்னு எழுதிப் பாத்துட்டு, முடிஞ்சா முதல் வழிக்குச் சாயுங்க, அங்க ஸ்கூல்லயே உதவி ஆள் கேக்கலாம்.

எதிர் வீட்டுப் பொண்ணோட மாமனாருக்கு டயாலிசிஸ் நடக்குது, ஜிப்மர்ல வாரத்துக்கு ரெண்டு நாள் இவதான் கூட்டிக்கிட்டுப் போறா. அதனால இப்போதைக்கு ரெண்டாவது வழிதான்னு முடிவு பண்ணியிருக்கா, கொழுந்தன் துபாய்ல இருந்து வந்ததும் அடுத்த ஜூலையில பசங்களோட போற மாதிரி. அதுக்குள்ள அவர் ரெண்டு ரூம் வீடு பாக்கணும், இவ கல்யாணப் பதிவு முடிக்கணும், சின்னவளை வாரத்துல மூணு நாள் என்கிட்ட பிரெஞ்சு படிக்க அனுப்பறா. நேத்து "பிஸ்கோத்"ன்னு சரியா சொல்லி ஒண்ணு வாங்கிக்கிட்டுப் போச்சு.